பாதிக் களத்தில் திரும்பும் வண்டி

எங்க அண்ணனை எனக்குப் பிடிக்காது. இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் என்கிட்ட வந்து ரத்த பந்தம், சொந்த பந்தம்னு ஆரம்பிக்க வேண்டாம். கூடப் பொறந்தவரு இல்ல, பெரியப்பா மகன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவரு. எனக்கு நாப்பது ஆவுது, தஞ்சாவூர்ல ஒரு பாலிடெக்னிக்ல ஆட்டோமொபைல் பாடம் எடுக்கறேன். அவருக்கு நான் இன்னும் 'பாப்பா'. அன்பா கூப்பிட்டா யாரு வேண்டாங்கறா? என் வாயை அடைக்கணும்னா மட்டும்தான் அவருக்கு அந்தப் பாப்பா ஞாபகத்துக்கு வரும்.

சண்டை ஒரு களத்துக்காக. எங்க ஊர்ல வாய்க்கால் பாலம் தாண்டினதும், ரோட்டை ஒட்டி ஒரு பெரிய சிமெண்ட் களம் இருக்கு. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து போட்டது. பட்டா ரெண்டு பேர் பேர்லயும் கூட்டா இருக்கு. நெல்லு காய வைக்க ஒரு நாள் அவங்க முறை, மறுநாள் எங்க முறை. முறை முடிஞ்சா பொழுது சாயறதுக்குள்ள வாரிக்கிட்டுப் போயிடணும். அப்பா இருந்த வரைக்கும் இந்த முறை தப்பினது கிடையாது.

அப்பா போனப்புறம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டேன். நான் ஒரே பொண்ணு, வேலை தஞ்சாவூர்ல, வேற என்ன பண்றது? குத்தகைக்காரரு ஈர நெல்லையே வயல்லேருந்து லாரியில ஏத்தி அனுப்பிடறாரு. காய வைக்கிற பொழப்பே அவருக்கு இல்ல. ஆக, எங்க முறை நாள்ல களம் சும்மா கிடந்துச்சு. சும்மா கிடக்குற இடத்தைப் பாத்தா எங்க அண்ணனுக்குக் கை அரிக்கும். முதல்ல என் நாள்ல அவரோட வைக்கோல் கட்டு வந்துச்சு. அப்புறம் டிராக்டரைக் கொண்டாந்து நிறுத்தினாரு. ஏண்ணே இப்படின்னு கேட்டேன். சுத்தி ஆளுங்க நின்னாங்க. அவரு அவங்களைப் பாத்துக்கிட்டே எனக்குப் பதில் சொன்னாரு.

"நெல்லு இல்லாதவளுக்குக் களம் எதுக்கு பாப்பா? உன்னைப் பேராவூரணிக்குக் கட்டிக் குடுத்தாச்சு. அங்க போயி தேங்காயைக் காய வை. இது எங்க களம்."

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு உச்சந்தலையில சுர்ருனு ஏறிச்சு. 'நம்ம களம்'னு கூட அந்த வாயில வரல பாருங்க. எங்க களமாம். அன்னிக்கே முடிவு பண்ணேன். அந்தப் பாதி எனக்கு வேணும். அது மட்டும் போதாது. அது என் களம்னு அந்த வாய்தான் சொல்லணும்.

ஆனா ஊர்ப் பேச்சு அவரு பக்கம் இருந்துச்சு. பட்டாவுல பேர் இருந்தா மட்டும் எங்க ஊர்ல பத்தாது. அனுபவத்துல யாரு இருக்காங்க, யாரு புழங்குறாங்கன்னுதான் கேப்பாங்க. நான் எதைப் புழங்குறது? எனக்குத் தானியமும் இல்ல, மாடும் இல்ல. இருந்தது அப்பாவோட பழைய கார் ஒண்ணுதான்.

அந்தக் காரை வச்சு நான் என்ன பண்ண ஆரம்பிச்சேன்னு சொல்லணும். ஒரு தடவை காலேஜ் பசங்களைக் கூட்டிக்கிட்டு கோயம்புத்தூர்ல ஒரு மோட்டார் போட்டிக்குப் போயிருந்தேன். பொறுப்பாசிரியர்னு பேரு. நிழல்ல உக்காந்து அவங்க பையைக் காவல் காக்கிறதுதான் வேலை. அப்ப ஒரு கார் வளைவுல குறுக்கே வந்துச்சு. மூக்கு ஒரு பக்கம், போறது வேற பக்கம். பின் சக்கரம் ரெண்டும் பிடிப்பை விட்டுட்டு வழுக்குது. முன் சக்கரம் எதிர்ப்பக்கமா திரும்பி வண்டியைப் பிடிச்சு நிறுத்துது. ட்ரிஃப்ட்னு பசங்க சொன்னாங்க. எனக்குத் தெரியும்டா, நான்தான் உங்களுக்குப் பாடம் எடுக்கறவள்னேன். ஆனா தெரியாது. டயர் பிடிப்பை விட்டா வண்டி போச்சுன்னு போர்டுல படம் போட்டுச் சொல்லியிருக்கேன். போன வண்டியை ஒருத்தன் கையில பிடிச்சு ஓட்டிக் காட்டுவான்னு நான் நினைச்சே பாக்கல. அன்னிக்கு ராத்திரி பஸ்ல எனக்குத் தூக்கம் வரல. வெறி பிடிச்சுப் போச்சு, வேற வார்த்தை இல்ல.

அப்பாவோட கார் நீளமான பழைய பெட்ரோல் வண்டி. பின் சக்கரம் தள்ளி ஓடுற வண்டி. இப்ப வர்ற சின்ன கார்ல முன் சக்கரம்தான் இழுக்கும், அதுல இந்த வேலை சரிப்படாது. எனக்கு என்ன தோணுச்சுன்னா, கார் இருக்கு, களம் இருக்கு. ரோட்டுல இதை ஓட்டினா எவனாவது சாவான், அதைச் செய்ய மாட்டேன். என் முறை நாள்ல, என் களத்துல ஓட்டினா எவன் கேப்பான்? புழங்கணும், அவ்வளவுதானே? புழங்கிக் காட்டறேன். என் வீட்டுக்காரரு கப்பல்ல வேலை பாக்கறாரு. போன்ல சொன்னேன். மண்டையை உடைச்சுக்காதேன்னாரு. அனுமதி கிடைச்சுதுன்னு எடுத்துக்கிட்டேன்.

தஞ்சாவூர் வீட்டு ஷெட்டுல வேலையை ஆரம்பிச்சேன். அந்தக் கார் அப்பாவுக்காகச் செஞ்ச மாதிரி இருக்கும். மெத்துனு போவும், வளைவுல ஒரு பக்கமா சாஞ்சு படுத்துக்கும், கோபமே வராத வண்டி. எனக்குக் கோபப்படுற வண்டி வேணும். முன்பக்க ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, ஒரு சரக்கு வேன்ல இருந்து எடுத்த தடிச்ச, குட்டையான ஸ்பிரிங்கைப் போட்டேன். ஷாக் அப்சார்பரையும் அதுக்குத் தக்கன இறுக்கமா மாத்தினேன். பின்னாடி பட்டை ஸ்பிரிங். அதுல அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல இரும்புக் கட்டை குடுத்து வண்டியைத் தாழ்த்தினேன். வண்டி தரையோட ஒட்டிக்கிச்சு. வேகத்தடை வந்தா குறுக்கால சாய்ச்சுத்தான் ஏத்தணும்.

அப்புறம் டிஃபரன்ஷியல். வளையும்போது பின் சக்கரம் ரெண்டும் வேற வேற வேகத்துல சுத்தறதுக்காக நடுவுல இருக்கிற பல்சக்கரப் பெட்டி அது. அதை வெல்டு வச்சு அடைச்சுட்டேன். இனிமே ரெண்டும் சேர்ந்துதான் சுத்தும், சேர்ந்துதான் வழுக்கும். வெல்டு வச்ச லேத் பட்டறைக்காரரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

"மேடம், இது தெரிஞ்சு பண்றீங்களா, தெரியாம பண்றீங்களா?"

"தெரிஞ்சுதாங்க."

"சாருக்குத் தெரியுமா?"

"எந்தச் சாருக்கு?"ன்னு கேட்டேன். அவரு வெல்டு கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் குனிஞ்சாரு.

ஒண்ணு விட்டு ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு முறை வரும். முதல் தடவை களத்துல இறக்கின அன்னிக்கு மானம் போச்சு. கிளட்சை விட்டதும் பின்பக்கம் தடதடன்னு எம்பிக் குதிச்சுது. வழுக்கவே மாட்டேங்குது. பட்டை ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டு முறுக்கிக்கிட்டு விடுது, அதான் காரணம். மறுபடி ஷெட்டுக்குக் கொண்டு போயி, அச்சு முறுக்காம இருக்க ரெண்டு பக்கமும் தண்டு குடுத்து பிடிக்க வச்சேன். அடுத்த முறைக்கு வந்தப்ப பின்பக்கம் சொன்ன பேச்சு கேட்டுச்சு. ஸ்டியரிங்கை ஒரு வெட்டு வெட்டி ஆக்சிலேட்டரை மிதிச்சேன். வால் பிச்சுக்கிட்டு வெளியே போச்சு, புகை கிளம்புச்சு, வண்டி களம் முழுக்க ஒரு பெரிய வட்டம் அடிச்சுது. நான் கத்தினேன். கார் கண்ணாடியை ஏத்தியிருந்ததால யாருக்கும் கேக்கல. அப்பா செத்தப்புறம் நான் அவ்வளவு சந்தோஷமா இருந்தது அன்னிக்குத்தான்.

அண்ணன் டீக்கடையில சொல்லியிருக்காரு, "பாப்பா கார்ல கோலம் போடுது." ஊரு முழுக்க அதையே சொல்லிச் சிரிச்சுது. சிரிக்கட்டும்னு விட்டேன். ரப்பர் கரி களத்துல வட்டம் வட்டமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அவரு நெல்லு காய வைக்கிற அன்னிக்கும் அந்த வட்டம் அவரு காலுக்குக் கீழதான் இருக்கும். அது எனக்குப் போதும்.

பங்குனியில உளுந்து வந்துச்சு. நெல்லு அறுத்த ஈரத்துல விதைச்சு விட்டு எடுக்கிறது. செடியோட பிடுங்கி, வெயில்ல காய விட்டு, அது மேல ஏதாவது வண்டி ஏறி இறங்கினா நெத்து வெடிச்சு உளுந்து உதிரும். களம் இல்லாதவங்க ரோட்டுலயே பரப்பிடுவாங்க. போற பஸ்ஸும் லாரியும் கூலி இல்லாம அடிச்சுக் குடுத்துட்டுப் போவும். எங்க பக்கம் வண்டி ஓட்டறவங்க எல்லாருக்கும் இது பழக்கம்.

என் முறை ஞாயித்துக்கிழமை. பாலம் தாண்டி வர்றேன், களத்துல ஒரு அடி இடம் இல்லாம உளுந்துச் செடி. மூலைக்கு மூலை பரப்பி வச்சிருக்காரு. ஓரத்துல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு அண்ணன் உக்காந்திருக்காரு.

"அண்ணே, இன்னிக்கு என் முறை."

"ஆமா. யாரு இல்லன்னா?"

"அப்ப இது என்ன?"

"செடி" என்றாரு. பல்லுக் குச்சியைக் கடிச்சுக்கிட்டு வேற பக்கம் பாத்துக்கிட்டாரு.

நான் திரும்பிப் போவேன், இல்லன்னா அழுதுக்கிட்டு நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வருவேன்னு அவரு நினைச்சிருப்பாருன்னு நினைச்சேன். போடா, உன் செடி மேலேயே ஏத்தறேன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டு வண்டியை உள்ள விட்டேன். செடி மேல டயர் சோப்புத் தண்ணியில வழுக்கற மாதிரி வழுக்குச்சு. ஆக்சிலேட்டரைத் தொட்டாப் போதும், வால் கிளம்பிடும். வட்டம் போட்டேன், எட்டு போட்டேன், குறுக்கே நெடுக்கே போட்டேன். நெத்து பொரியற சத்தம் எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்டுச்சு. தாழ்த்தின வண்டியா, செடியெல்லாம் அடியில சுத்திக்கிச்சு. கருகுற வாடை வரும்போதெல்லாம் நிறுத்தி, இறங்கி, சைலன்ஸர்ல ஒட்டினதைக் கம்பியால இழுத்துப் போட்டேன். மறுபடி ஏறினேன். அண்ணி ஓரத்துல நின்னு செடியைப் புரட்டிப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. அண்ணன் நாற்காலியில இருந்து எந்திரிக்கவே இல்ல. ஒரு வார்த்தை திட்டல. மதியத்துக்கு மேல நான் வேர்த்து விறுவிறுத்துக் கிளம்பினேன். மூக்கை உடைச்சுட்டோம்னு வழி முழுக்க எனக்கு நானே சிரிச்சுக்கிட்டு வந்தேன்.

மூக்கு யாருது உடைஞ்சுதுன்னு வைகாசியில தெரிஞ்சுது.

களத்தைப் பாதியா பிரிச்சுத் தனிப் பட்டா குடுங்கன்னு நான் மனு போட்டிருந்தேன். கிராம நிர்வாக அலுவலரும் சர்வேயரும் வந்தாங்க. ஊர்ல பாதிப் பேர் வேடிக்கை பாக்க வந்தாச்சு. அளக்கற சங்கிலியைக் கீழ போட்டுட்டு சர்வேயர் கேட்டாரு, "அனுபவத்துல யாரும்மா இருக்கீங்க?"

"ரெண்டு பேரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்றேன்.

அண்ணன் முன்னாடி வந்தாரு. சட்டை எல்லாம் இஸ்திரி போட்டு வந்திருந்தாரு. "சார், அவங்க முறை நாள்லயும் என் உளுந்துதான் இங்க காஞ்சுது. வேணும்னா இவங்களைக் கேளுங்க, ஊரே பாத்துச்சு. பாப்பாதான் வந்து எனக்கு வண்டி ஓட்டி அடிச்சுக் குடுத்துச்சு. நல்லாவே அடிச்சுச்சு. ஒரு நெத்து மிச்சம் இல்ல."

அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. பரப்பின அன்னிக்கே இதைக் கணக்குப் போட்டுத்தான் அந்த ஆள் நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. நான் ஓட்டணும்னுதான் உக்காந்திருக்காரு. நான் என்னவோ போர் ஜெயிச்ச மாதிரி சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனேன். என்னைத் தவிர வேற எந்த மடச்சி எதிரியோட உளுந்தை ஞாயித்துக்கிழமை பெட்ரோல் போட்டு அடிச்சுக் குடுப்பா?

அவரு அதோட விடல. டிராக்டர் ஓட்டுற ஆளைப் பாத்துக் கையைக் காட்டினாரு. அந்த ஆள் ஒரு சின்ன மூட்டையைத் தூக்கிட்டு வந்து என் காலடியில வச்சாரு.

"உளுந்து அடிச்சதுக்குக் கூலி, பாப்பா. கூலியைப் பாக்கி வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது" என்றாரு அண்ணன்.

கூட்டத்துல சிரிப்பு. வாங்கினா நான் கூலிக்கு வண்டி ஓட்டினவ, களத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல. வேண்டாம்னு விட்டுட்டுப் போனா, பாத்தீங்களா ரோஷத்தைன்னு இன்னொரு சிரிப்பு. அந்த மூட்டையையே பாத்துக்கிட்டு நின்னேன். அழுகை வர்ற கோபம் ஒண்ணு இருக்கு, அது வந்துச்சு. அப்ப, பேராவூரணிக்குப் போயி தேங்காயைக் காய வைன்னு அவரு சொன்னது ஞாபகம் வந்துச்சு. குனிஞ்சு மூட்டை வாயைப் பிரிச்சேன். கீழ் முனையைப் பிடிச்சு இழுத்து, என் பாதின்னு நான் கேட்ட பக்கத்துல கொட்டினேன். செருப்பைக் கழட்டிட்டு, நெல்லைக் காலால துழாவிப் பரப்புவாங்களே, அதே மாதிரி உளுந்தைப் பரப்பினேன்.

"நெல்லு இல்லாதவளுக்குக் களம் எதுக்குன்னு கேட்டீங்களேண்ணே. இப்ப என்கிட்ட தானியம் இருக்கு. நீங்கதான் குடுத்தீங்க, ஊரே பாத்துச்சு. கூலியோ கொடையோ, என் தானியம். இன்னிக்கு என் முறை, காய வைக்கிறேன். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சாருக்கிட்ட சொல்லுங்க."

இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம் திரும்புச்சு. கிராம நிர்வாக அலுவலரு வாயைப் பொத்திக்கிட்டு இருமுற மாதிரி சிரிச்சாரு. அண்ணன் மூஞ்சி கறுத்துப் போச்சு. அவருக்கும் என் குணம்தான். ஒரே குடும்பத்துக் கோபம், யோசிக்க விடாது.

"எடுத்துக்கோ" என்றாரு. "பாதி தானே வேணும்? இந்தா, பாதி. சார், எல்லைக் கல்லைப் போடுங்க, நான் கையெழுத்துப் போடறேன். கல்லு மேல என் செலவுல செவுரு வைக்கிறேன், இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும். பாதியை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே? உன் வண்டி அதுல திரும்புமா? திருப்பு, நான் பாக்குறேன்."

வாய் விட்ட வார்த்தையைத் திரும்ப வாங்கறதுக்குள்ள சர்வேயர் சங்கிலியைப் பிடிச்சுட்டாரு. ஆனி முடியறதுக்குள்ள செவுரு எழும்பிடுச்சு, மார் உயரத்துக்கு. களத்தை நெடுக்கா ரெண்டா பிளந்து போட்டாரு. என் பாதி நீளமா, ஒடுக்கமா ஒரு சந்து மாதிரி கிடந்துச்சு. அகலம் என் கார் நீளத்துக்கு ரெண்டரை மடங்கு இருந்தா அதிகம். பட்டா கிடைச்சுது, சரி. ஆனா அந்த வாயி இன்னும் 'உன் களம்'னு சொல்லல. 'அந்தப் பக்கம்'னுதான் சொல்லுது. அதைவிட, அவரு சொன்னது உண்மையா இருந்துச்சு. என் வண்டி அதுல திரும்பல. வால் செவுத்தை உரசிக்கிட்டுப் போயி நின்னுச்சு. செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு இருமல் சத்தம் வந்துச்சு.

அப்பதான் ஸ்டியரிங்குல கை வச்சேன்.

முன் சக்கரத்தைத் தாங்குற இரும்புலேருந்து ஒரு கை நீட்டிக்கிட்டு இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினா ஒரு தண்டு அந்தக் கையைத் தள்ளும், சக்கரம் திரும்பும். கை நீளமா இருந்தா சக்கரம் கொஞ்சமா திரும்பும். கை குட்டையானா அதே தள்ளுக்கு நிறையத் திரும்பும். நிறைய பேர் அந்தக் கையை அறுத்து, குட்டையாக்கி, வெல்டு வச்சுடுவாங்க. வெல்டு விட்டா ஆள் காலி. நான் அறுக்கல. கையிலயே உள்ளுக்குள்ள தள்ளிப் புதுசா ஒரு ஓட்டை போட்டு, அதே சாய்வுல கடைஞ்சு, தண்டை அங்க மாட்டினேன். சக்கரம் இதுக்கு மேல திரும்பக் கூடாதுன்னு தடுக்குற முளை ஒண்ணு இருக்கும், அதையும் தேய்ச்சுக் குறைச்சேன். இப்ப டயர் உள்பக்க இரும்புல உரசுச்சு. சக்கரத்தை வெளியே தள்ள நடுவுல தடிச்ச இரும்புத் தட்டு வச்சேன். தள்ளினதும் மட்கார்டுல உரசுச்சு. மட்கார்டு விளிம்பைச் சுத்தியலால அடிச்சு மடிச்சேன். அந்த விளிம்புக்கெல்லாம் அண்ணன் மூஞ்சியை மனசுல வச்சுக்கிட்டேன், வேலை சீக்கிரம் முடிஞ்சுது.

முதல் தடவை முழுசா ஒடிச்சப்ப சக்கரம் அந்தப் பக்கமே மடங்கி நின்னுடுச்சு. ஸ்டியரிங்கை எவ்வளவு இழுத்தாலும் திரும்பி வரல. இறங்கிக் காலால உதைச்சுதான் நேராக்கினேன். அதிகமா ஆசைப்பட்டா அப்படித்தான், கையும் தண்டும் ஒரே கோட்டுக்கு வந்துடும். தடுப்பு முளைக்கு இரும்பு வச்சு கொஞ்சம் வளர்த்தேன். மறுபடி பாத்தேன், மறுபடி தேய்ச்சேன். மடங்கறதுக்கு ஒரு விரல்கடை முன்னாடி நிக்கிற மாதிரி வர்ற வரைக்கும் விடல. ஷெட்டுல கொசு என்னைத் தின்னுச்சு.

அலைன்மென்ட் கடையில மிஷின்ல ஏத்தினப்ப திரை முழுக்க சிவப்பா காட்டுச்சு. கடைக்காரரு பதறிட்டாரு.

"எல்லாமே தப்பா இருக்கு மேடம். சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளுக்குச் சாஞ்சிருக்கு."

"அப்படித்தான் வேணும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு தப்பா இருக்கா, அதை மட்டும் பாருங்க."

"ரோட்டுல போனா டயர் தேஞ்சுடும்."

"தேயட்டும்."

ஆவணியில ஒரு ஞாயிறு, வண்டியை என் பாதியில நிறுத்தினேன். செவுத்துக்கு மேல அண்ணன் தலை தெரிஞ்சுது. டிராக்டர் ஓட்டுற ஆளு, அண்ணி, எல்லாரும் வரிசையா தலை. கை பிரேக்கை இழுத்து வாலைக் கிளப்பினேன். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் முழுசா விட்டேன். சக்கரம் முன்னாடி திரும்பின மாதிரி இல்ல, அப்படியே ஒடிஞ்சு நின்னுச்சு. மூக்கு இடத்தை விட்டு அதிகம் நகரல, வால் மட்டும் சுத்தி வந்துச்சு. செவுத்துக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு முழம் இடம் விட்டுட்டு வந்துச்சு. மறுபடி வந்துச்சு. மறுபடி. புகை செவுத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போச்சு. புகை அடங்கினப்ப அண்ணன் தலையைக் காணோம். டிராக்டர் ஓட்டுற ஆளு மட்டும் நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. கையைத் தட்டலாமா வேண்டாமான்னு தெரியாம நெஞ்சுல கட்டிக்கிட்டாரு.

இதோட முடிஞ்சிருக்கும். ஆனா அண்ணன் ஒரு சின்ன கணக்கை மறந்துட்டாரு. செவுரு வைக்கிறப்ப என் கார் திரும்புமான்னு பாத்தாரே ஒழிய, அவரு டிராக்டர் திரும்புமான்னு பாக்கல. நெல்லு களத்துக்கு வர்ற காலமா இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆனியில செவுரு வச்சா, அப்ப நெல்லு எங்க வரும்?

புரட்டாசியில குறுவை அறுப்பு. மேக்கால மேகம் கறுத்துக்கிட்டு நின்னுச்சு. நான் அன்னிக்கு வண்டியில ஒரு ஷாக்கை மாத்திட்டுப் பாக்க வந்திருந்தேன். டிராக்டர் டிப்பரோட அவரு பாதிக்குள்ள நேரா வந்துச்சு, கோடி வரைக்கும் போயி நெல்லைக் கொட்டுச்சு. அப்புறம் நின்னுடுச்சு. திரும்ப இடம் இல்ல. பின்னாலயே வரலாம்னு பாத்தா டிப்பர் ஒரு பக்கம் மடங்குது, செவுத்தை இடிக்குது. தட்டுத் தடுமாறிப் பின்னாலயே களத்து வாசலுக்கு வந்தா எதிர்ல ஒத்தை ரோடு, அதுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். ரோட்டுல ஒடிச்சா டிப்பர் வாய்க்கால்ல இறங்கும். வயல்ல அறுப்பு மிஷின் வாடகைக்கு நிக்குது, நெல்லு வரப்புல குவிஞ்சு கிடக்குது. டிராக்டர் ஓட்டுற ஆள் முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவைன்னு ஆட்டிக்கிட்டே இருந்தாரு. அண்ணன் 'ஒடி, ஒடி'ன்னு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போச்சு.

நான் பானட் மேல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு உள்ளுக்குள்ள ஜில்லுனு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணன் ரோட்டைச் சுத்தி நடந்து என் பக்கம் வந்தாரு. செருப்பெல்லாம் சேறு. நான் அவரை வாங்கன்னு சொல்லல. ஓரத்துலயே நின்னுட்டாரு, களத்துக்குள்ள கால் வைக்கல.

"கோடியில செவுத்தைக் கொஞ்சம் உடைச்சுக்கறேன்" என்றாரு, தரையைப் பாத்து. "டிராக்டர் என் பக்கமா வந்து, இந்தப் பக்கம் திரும்பி, இப்படியே வெளிய போயிடும். இன்னிக்கு ஒரு நாளைக்கு."

"எந்தப் பக்கம் திரும்பிண்ணே?"

மேகத்தைப் பாத்தாரு. டிராக்டரைப் பாத்தாரு. அந்தப் பக்கம் அண்ணி தார்ப்பாயை இழுத்துக்கிட்டு ஓடிக்கிட்டு இருந்தாங்க.

"உன் களத்துல" என்றாரு.

"சரியாக் காதுல விழல."

"உன் களத்துல கொஞ்சம் திரும்பிக்கறேன். போதுமா?"

'பாப்பா'ன்னு வரல, கவனிச்சேன். இந்த வார்த்தைக்காகத்தான் இவ்வளவும். ஸ்பிரிங்கு, வெல்டு, கொசுக்கடி, பட்டா, எல்லாம். இதைக் கேட்டதும் என் மனசு இளகிடும்னு எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. இளகல.

"முடியாதுண்ணே" என்றேன்.

"ஏம்மா, மழை வருது."

"தெரியுது. என் களம்னு நீங்கதான் சொன்னீங்க. என் களம்னா, முடியாதுன்னு சொல்றதும் என் பாத்தியம்தானே?"

நான் கதவைத் திறந்து உக்காந்து வண்டியைக் கிளப்பினேன். மூக்கு கோடியைப் பாத்து நின்னுச்சு, நான் போக வேண்டியது ரோட்டுக்கு. அந்தப் பக்கம் டிராக்டர் இன்னும் முன்னாடி பின்னாடி ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சேன், வாலைத் தட்டி விட்டேன். வண்டி ஒரே திருப்புல ரோட்டைப் பாத்து நின்னுச்சு. முதல் தூத்தல் கண்ணாடியில விழுந்துச்சு. வைப்பரைப் போட்டுக்கிட்டு தஞ்சாவூருக்குக் கிளம்பினேன்.